வெள்ளையாத்தாளின் மறுபாதி

பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் அர்த்தநாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண் முதலில் விழுந்து கும்பிட வேண்டியது மாமனாரையும் இல்லை, மாமியாரையும் இல்லை. நடுவீட்டுச் சுவரில் தொங்குகிற ஒரு படத்தை. படத்தில் இருப்பவள் பெயர் வெள்ளையாத்தாள். அர்த்தநாரியின் தாத்தாவைப் பெற்றவள். புருஷன் காலராவில் போன அன்றைக்கு உள்ளறையில் போய்ப் படுத்தவள், சோறு தண்ணீர் தொடாமல் அப்படியே உயிரை விட்டாளாம். வாழ்ந்த காலத்தில் வாசற்படி தாண்டியதில்லையாம். சொந்தத் தோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாதாம். இதையெல்லாம் அந்த வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். தோட்டம் தெரியாமல் செத்துப்போன விவசாயி பெண்டாட்டியில் என்ன பெருமை என்று யாரும் கேட்கக் கூடாது.

அந்தப் படத்தின் மூலை முடுக்கெல்லாம் கமலாத்தாளுக்கு அத்துப்படி. அர்த்தநாரியின் செத்துப்போன தம்பியின் மனைவி அவள். முப்பது வருஷத்துக்கு மேலாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கிறாள். துடைக்கத்தான் அவள், மாலை போடுவது அர்த்தநாரியின் மனைவி மருதாத்தாள். தாலி அறுத்தவள் தூசி தட்டலாம், பூவைத் தொடக் கூடாது. இந்த வீட்டு நியாயம் இப்படி நுணுக்கமானது.

படத்தில் வெள்ளையாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை வட்ட மேஜை மேல் இருந்த பூச்சாடியைத் தொட்டிருந்தது. பின்னால் மாளிகைப் படிக்கட்டு ஒன்று வளைந்து ஏறியது. கழுத்தை இறுக்கி அட்டிகை, அதற்குக் கீழே காசுமாலை, மூக்கில் புல்லாக்கு, முன்னால் எடுத்துப் போட்ட சடை. உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம். வலது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ தெரியும். அது பக்கத்தில் நின்ற புருஷனின் தோள் என்பார்கள். அவர் போனபிறகு பாதிப் படம் செல்லரித்துப் போனதாம், அவள் இருக்கிற பாதி மட்டும் அப்படியே நின்றதாம். பத்தினி என்றால் செல்லுக்குக்கூடத் தெரியும் போலிருக்கிறது.

வாசற்படி தாண்டாதவள் மாளிகைப் படிக்கட்டுக்கு முன்னால் போய் எப்படி நின்றாள்? களிமண் வீட்டில் வட்ட மேஜை எங்கிருந்து வந்தது? நூறு வருஷமாக இந்த இரண்டு கேள்வியை அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. கமலாத்தாளும் கேட்கவில்லை. சாமியைத் துடைக்கிறவள் சாமிக்கு வயசு கேட்பாளா?

அந்தப் படத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தால், படத்துக்கு அடியில் தாம்பாளத்தை வைத்துக் கற்பூரம் கொளுத்துவார்கள். எரிகிற கற்பூரத்தை அவள் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதோடு பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவளுக்கும், செய்த சத்தியத்தை மீறியவளுக்கும் என்ன ஆகும் என்பதற்கு வீட்டிலேயே ஒரு கதை இருந்தது. அர்த்தநாரியின் தங்கை பழனாத்தாள் சத்தியம் பண்ணிவிட்டு மீறினாள்; அவள் பையன் வாய்க்காலில் போனான். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் ஊரில் வேறு யார் வீட்டுப் பிள்ளையும் போகவில்லையா என்றால், போனான்தான். அது கணக்கில் வராது.

கமலாத்தாளின் புருஷன் மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்துச் செத்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. இடுப்பில் அனுப்பிரியா. கருமாதி கழிந்து கொஞ்ச நாளில் அவள் அண்ணன் தங்கதுரை வந்தான். பால் சொசைட்டியில் வேலை செய்த அப்புசாமி என்பவர் பிள்ளையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொள்ளத் தயார் என்று சொன்னான். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்டு வருகிற ஆண் அதிசயம். கமலாத்தாளுக்கு ஆசை இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆசை இருந்தது.

அர்த்தநாரி அன்றைக்குக் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்பட மாட்டார். குரலை உயர்த்தாத மனிதருக்கு நல்லவர் என்ற பட்டத்தை ஊர் தானாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது.

"போறதுன்னா போ கமலா. நான் தடுக்கல. ஆனா ஆத்தா முன்னால நின்னு சொல்லீட்டுப் போ. இந்த ஊட்டுப் பேரு எனக்கு வேண்டாமுன்னு சொல்லீட்டுப் போ" என்றார்.

அவள் படத்தின் முன்னால் போய் நின்றாள். அந்தக் கண்களைப் பார்த்தாள். சோறு தண்ணீர் இல்லாமல் புருஷனுக்காகச் செத்தவளின் கண்கள். தன் மனசில் இருந்த ஆசை, எச்சில் இலையில் ஒட்டின சோறு மாதிரி அவளுக்கே அருவருப்பாகிவிட்டது. கற்பூரத்தை அணைத்து, வேறொருத்தன் பெண்டாட்டியாக இந்தப் படியை இறங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். வலது உள்ளங்கையில் காசளவுக்கு வெந்துபோன வடு இன்னும் இருக்கிறது. அண்ணன் தங்கதுரை வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனான். அப்புசாமி வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். பிறகு எப்போதோ கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தாள். பேத்திக்கு ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அதே தாம்பாளம் அனுப்பிரியாவுக்காகக் காத்திருந்தது.

அனுப்பிரியா கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறாள். ஹாஸ்டலில் தங்கி, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வருவாள். கூட வேலை செய்கிற பவுல்ராஜ் என்ற பையனோடு அவளைப் பஸ் ஸ்டாப்பில் அர்த்தநாரியின் மகன் தனபால் பார்த்திருக்கிறான். வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்காரர்கள் வீட்டுப் பிள்ளை அவன். அவர்கள் சாதி என்ன, கிறிஸ்தவத்துக்கு மாறி வேதக்காரர்களான கதை என்ன என்று தனபால் ஒரே வாரத்தில் விசாரித்து முடித்துவிட்டான். ரேஷன் கார்டில் பெயர் திருத்தம் செய்ய ஒரு வருஷமாக நேரம் கிடைக்காதவன் அவன்.

அர்த்தநாரி இந்தத் தடவையும் கோபப்படவில்லை. "ஆடி நோம்பிக்குப் புள்ள வருவால்ல. படத்தடியில ஒரு கற்பூரத்த அணச்சு, அப்படியொண்ணும் இல்லீன்னு சொல்லீரட்டும். அப்பறம் ஒருத்தரும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க" என்று கமலாத்தாளிடம் சொன்னார்.

அப்படியொன்று உண்டு என்று கமலாத்தாளுக்குத் தெரியும். மகளே போனில் சொல்லியிருந்தாள். உண்டு என்று சொன்னால் வீடு இல்லை. இல்லை என்று சொல்லிக் கற்பூரம் அணைத்தால் ஆத்தா சும்மா விடுவாளா? பழனாத்தாளின் பையனை வாய்க்காலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் கால் தொங்கிய விதம் அவள் கண்ணிலேயே நின்றது.

நோம்பிப் பண்டிகைக்கு முந்தின வாரம், ஆண்கள் எல்லாரும் தேங்காய் பறிக்கத் தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். நாற்பது வயது இருக்கும். காட்டன் புடவை, தோளில் துணிப்பை.

"கமலாத்தாள் அம்மா நீங்கதானே? நான் சிசிலி. பாலக்காட்டு காலேஜில படிப்பிக்கறேன். பழைய நாடகக் கம்பெனிகளோட ஃபோட்டோ எல்லாம் சேர்த்து வெக்கறது என்னோட வேல. உங்க வீட்டு விசேஷ வீடியோ ஒண்ணுல ஒரு படம் பார்த்தேன். அத ஒருக்கா நேர்ல காணணும்."

கமலாத்தாள் அவளை உள்ளே கூட்டிப் போனாள். காலேஜ் டீச்சர் வந்து கும்பிடுகிற அளவுக்கு ஆத்தாளின் புகழ் பரவிவிட்டதே என்று ஒரு நிமிஷம் பூரித்தும் போனாள். ஆனால் வந்தவள் கும்பிடவில்லை. படத்துக்கு வெகு பக்கத்தில் போய், வலது ஓரத்துக் கறுப்பை உற்றுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு உறையை எடுத்து, அதற்குள்ளிருந்த படத்தைக் கமலாத்தாளின் கையில் கொடுத்தாள்.

அதே படம். ஆனால் முழுசு. இடது பக்கம் வெள்ளையாத்தாள், அதே அட்டிகை, அதே புல்லாக்கு, அதே பூச்சாடி. பூச்சாடிக்கு அந்தப் பக்கம், கறுப்புக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக ஒரு இளவட்டம் நின்றான். அவனுக்கும் உதட்டுக்குக் கீழே மச்சம். அவனுக்கும் அதே கண்கள். அடியில் அச்சிட்டிருந்தது: 'ஸ்திரீபார்ட் ரத்தினசாமி. வேஷத்திலும் சொந்த உருவிலும்.'

"ரெண்டும் ஒரே ஆள்தான் அம்மா" என்றாள் சிசிலி. "அந்தக் காலத்துல ஆம்பளைங்கதான் பொம்பள வேஷம் கட்டுவாங்க. பாலக்காட்டுக் கொட்டகைக்கு ஒரு கம்பெனி வந்தா, மொதல்ல இந்த மாதிரி படம் எடுத்து அட்டை அடிப்பாங்க. மாட்டு வண்டியில பேண்டு வாசிச்சு ஊரூராப் போயி விளம்பரம் பண்ணுவாங்க. இவ்வளவு அழகான பொம்பள ஆம்பளையான்னு ஜனங்களுக்கு சம்சயம் வரும்ல, அதுக்காகவே ரெண்டையும் சேர்த்து அச்சடிச்சது. இவரு பத்தினி வேஷத்துக்குப் பேர் போன ஆளு. இவரப் பாக்க வண்டி கட்டிட்டுப் போவாங்களாம்."

கமலாத்தாள் கையிலிருந்த படத்தையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புருஷனின் தோள் என்று துடைத்துக்கொண்டிருந்த கறுப்பு, இந்தப் பயலின் கோட்டுக் கை. பத்தினியின் புருஷனாகப் பக்கத்தில் நின்றதும் இவனே, பத்தினியாக நின்றதும் இவனே. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறு யார் வீட்டுச் சங்கதியாக இருந்தாலும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

அவளுக்கு வந்தது கோபம். ரத்தினசாமியின் மேல் வரவில்லை, இதைச் சுவரில் மாட்டிய முன்னோர் மேலும் வரவில்லை, எதிரே நின்ற சிசிலியின் மேல் வந்தது. உண்மையைச் சொல்ல வந்தவள்தானே எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள்.

"ஏனுங் அம்மிணி, வேற வேல இல்லீங்களா உங்களுக்கு? அடுத்தவிய சாமியக் கொண்டுபோயிக் கூத்தாடிங்கறீங்களே!"

"அம்மா, நான் தப்பா ஒண்ணும்..."

"போயிருங்க. ஊட்டு ஆம்பளைக வந்தா நல்லா இருக்காது. இதய வெளிய எங்கயும் சொல்லீறாதீங்க."

"அந்தப் படம் உங்ககிட்டயே இருக்கட்டும். யாருக்காவது காட்டணும்னு தோணினா காட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சிசிலி ஆட்டோவில் ஏறினாள். வந்தவளுக்கு ஒரு டம்ளர் மோர்கூடக் கொடுக்கவில்லை என்பது ஆட்டோ வளைவில் மறைந்த பிறகுதான் கமலாத்தாளுக்கு உறைத்தது.

படத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். அந்த வாரம் முழுக்க, சோற்றுக்கு அரிசி அள்ளும்போதெல்லாம் அது கையில் பட்டது. காட்டிவிடலாம் என்று ஒரு நேரம் தோன்றும். காட்டினால் தாம்பாளம் இல்லை, கற்பூரம் இல்லை, மகள் பாட்டுக்குத் தன் வழியில் போவாள். அடுத்த நொடியே இன்னொன்று தோன்றும். படம் பொய் என்றால், அதன் முன்னால் வெந்த கை எதற்கு? அப்புசாமி எதற்குத் திரும்பிப் போனார்? கல்யாண வீடுகளில் பின்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிய இத்தனை வருஷம் எதற்கு? ஒரு கூத்தாடியின் விளம்பர அட்டைக்காக வாழ்க்கையைத் தொலைத்தவள் என்று ஊர் சிரிக்குமே. பத்தினிக்காகத் தொலைத்தவள் என்றால் கும்பிடாவிட்டாலும் சிரிக்காது.

இதற்கும் அடியில், அரிசிக்குள் கிடந்த அட்டை மாதிரியே, இன்னொன்று கிடந்தது. தனக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு லேசாகக் கிடைக்க வேண்டும்? பெற்ற மகளிடம் இப்படி நினைப்பார்களா என்றால், நினைப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆடி நோம்பி அன்று காலையிலேயே சொந்தபந்த உறம்பரைக் கூட்டம் வந்துவிட்டது. மருதாத்தாள் படத்துக்கு ரோஜா மாலை போட்டாள். ரத்தினசாமிக்கு மாலை மரியாதை என்று மனசுக்குள் ஓடிய நினைப்பைக் கமலாத்தாள் தலையை உலுக்கி விரட்டினாள். தனபால் தாம்பாளத்தை வைத்துக் கற்பூரம் கொளுத்தினான். அனுப்பிரியா நீலச் சுடிதாரில் வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றார் அர்த்தநாரி, ஊசி போடும் டாக்டரின் குரலில். "எனக்கும் அந்தப் பையனுக்கும் ஒண்ணுமில்லீன்னு சொல்லி அணச்சுப்போடு. பெரீப்பனுக்கு அது போதும்."

அனுப்பிரியா படத்தைப் பார்க்கவில்லை. பெரியப்பாவையும் பார்க்கவில்லை. சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாயைப் பார்த்தாள்.

"அம்மா, நீ ஏதாச்சும் சொல்லோணுமா?"

வீடே கமலாத்தாளின் பக்கம் திரும்பியது. இத்தனை பேர் ஒன்றாக அவளைப் பார்த்தது புருஷன் பிணத்தை இறக்கிய அன்றைக்குத்தான். நாலு எட்டு வைத்தால் அரிசி டிரம். கையை விட்டால் படம். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை, எடுத்துக் காட்டினால் போதும். அவள் கால் அசையவில்லை. வாய் மட்டும் திறந்தது.

"பெரீப்பா சொல்றதக் கேளு கண்ணு."

அனுப்பிரியாவின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. அவள் குனிந்தாள். எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கண்ணைத் தாயிடமிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"இந்த ஊட்டுப் படிய இனி நான் மிதிக்க மாட்டேன். இது சத்தியம்."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. புரிந்து தனபால் கத்த ஆரம்பித்தபோது அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள். அர்த்தநாரி மகனைக் கையமர்த்தினார். "உடு. அவளே சொல்லீட்டா. நம்ம தொரத்தித் தாட்டி உட்டதா இருக்க வேண்டாம்" என்றார். பந்தி போட்டார்கள். உறம்பரை சாப்பிட்டது. பாயசம் நன்றாக இருந்தது என்று கூடச் சொன்னார்கள்.

கமலாத்தாள் அன்றைக்கும் மறுநாளும் அழுதாள். சத்தியம் பண்ணிவிட்டாளே. இனி அவளே வரவேண்டுமென்று நினைத்தாலும் வர முடியாது. வந்தால் அவளுக்கோ, நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கோ... வாய்க்கால், தொங்கிய கால். அழுகையின் நடுவில்தான் அவளுக்கு அந்த யோசனை மின்னியது. படம்தான் பொய்யாயிற்றே! பொய்ப் படத்துக்கு முன்னால் செய்த சத்தியம் எப்படிச் செல்லும்? ஒரு வாரமாக அவளை அறுத்துக்கொண்டிருந்த பொய், முதல் தடவையாக அவளுக்கு உபயோகப்படப் போகிறது. அரிசி டிரம்மைத் திறந்து, படத்தை எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை. அர்த்தநாரி களத்து மேட்டில் நாற்காலி போட்டு, தேங்காய் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமலாத்தாள் அவர் முன்னால் படத்தை நீட்டினாள்.

"மாமா, இதயப் பாருங்க. அது ஆத்தா இல்லீங்க. நாடகக்காரன். புள்ள பண்ணுன சத்தியம் செல்லாதுங்க. கூப்புட்டுச் சொல்லலாமுங்க."

அர்த்தநாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மாறும் என்று கமலாத்தாள் காத்திருந்தாள்.

"அட, முழுசாக்கூட இருக்குதா எங்கயாச்சும்?" என்றார். எழுந்து வீட்டுக்குள் போனார். பத்திரம் வைத்திருக்கிற இரும்புப் பெட்டியைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். பழுப்பேறிய பாதிப் படம். கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. இடது ஓரம் கத்தரித்திருந்தது.

"எங்க அப்பாருக்கு, அப்பனப் பெத்தவருக்கு, நாடகப் பைத்தியம். இவன்னா உசுரு. அவிய ஆத்தாளுக்குன்னு ஒரு படமும் கெடையாது. நாலு ஊட்டுல படம் மாட்டறாங்கன்னு இதய வெட்டி மாட்டிப்போட்டாரு. எங்கப்பன் எனக்குக் கல்யாணம் ஆகறப்போ காட்டுனாரு. நேரம் வர்றப்போ நான் தனபாலுக்குக் காட்டோணும்."

அர்த்தநாரிக்குக் கல்யாணம் ஆனது கமலாத்தாள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால்.

"அப்போ நான் கற்பூரம் அணச்ச அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பண்ணச் சொன்னீங்களா?"

அர்த்தநாரி அவளைக் கனிவோடு பார்த்தார். அந்தக் கனிவில் பொய் இல்லை, அதுதான் கொடுமை.

"நீ போயிருந்தா தம்பி பங்கு நெலமும் போயிருக்கும், புள்ளையும் போயிருக்கும். நான் என்ன உன்னயக் கட்டியா போட்டேன்? படம் என்ன பண்ணுச்சு கமலா, வெறும் அட்டை. நீ நம்புனயே" என்றார். பாதிப் படத்தை அவள் கையிலிருந்து பதமாக வாங்கிப் பட்டுத்துணியில் சுற்றினார். சிசிலி கொடுத்த முழுப் படத்தையும் அதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். தேங்காய் உரிக்கிறவனிடம் இளநீர்க்காயைத் தனியாகப் போடச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

கமலாத்தாள் தென்னை மரத்தடியில் நின்று போன் அடித்தாள். மூன்றாவது தடவை மகள் எடுத்தாள்.

"கண்ணு, கேளு. அந்தப் படம் பொய்யி. ஆத்தா இல்ல, நாடகத்துல வேசம் கட்டுன ஆம்பள. சத்தியம் செல்லாது சாமி. நீ வந்துரு."

"தெரியும்மா."

"உனக்கு எப்படி..."

"சிசிலி டீச்சர உன்றகிட்ட அனுப்புனதே நான்தான். அவிய ஃபோட்டோ எல்லாம் வெச்சு ஒரு கண்காட்சி போட்டாங்க, நானும் அவரும் போயிருந்தோம். பாத்த ஒடனே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் சொன்னா என்ற சொந்தக் காரியத்துக்காகச் சொல்றேன்னு சொல்லுவாங்க. நீ சொன்னா ஒருத்தரும் மறுத்துப் பேச முடியாது. சொல்லுவீன்னு நெனச்சேன். சொல்லீட்டு நீயும் என்ற கூடக் கெளம்பி வந்துருவீன்னு நெனச்சேன். உனக்கும் சேத்துத்தான் ரெண்டு ரூம் இருக்கற ஊடாப் பாத்து வெச்சிருந்தோம்."

கமலாத்தாள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்துட்டங் கண்ணு. அம்மா பயந்துட்டேன். அதான் சத்தியம் செல்லாதுன்னு ஆயிப்போச்சே, வந்துரு."

அந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டு ரோட்டில் லாரிகள் போகிற இரைச்சல் கேட்டது.

"அம்மா, நான் படத்துமேல சத்தியம் பண்ணுல. உன்னயப் பாத்துத்தான் பண்ணுனேன்."

போன் அணைந்தது. திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. வெயில் களத்துக்கு வந்துவிட்டது, உரித்த மட்டைகள் ஒருபக்கம் மலையாகக் குவிந்துகொண்டிருந்தன. உள்ளேயிருந்து மருதாத்தாள் கூப்பிட்டாள், வெள்ளிக்கிழமையாச்சே, படம் இன்னும் துடைக்கவில்லையா என்று.